சரித்திரப்படி ஒரு ராணி

7 அக்டோபர் 1957, திங்கள்

இன்று மாலை நாலே காலுக்கு, சேர அரசனுக்கு மீசை உண்டு என்று பள்ளி விழாக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருமனம் என்பது ஹெட்மாஸ்டர், டிராயிங் மாஸ்டர் சூசையப்பன், நான் ஆகிய மூவருடையது. விவாதம் முப்பத்தைந்து நிமிஷம். தாடி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நவம்பர் முதல் தேதி புது மலையாள மாநிலத்துக்கு ஒரு வயது நிறைகிறது. எல்லையோரத் தமிழ் ஊரான வடகரப்பதியின் தெருக்களில் மாட்டுவண்டி மேல் சேர அரசவை ஊர்வலம் போகும். உடை, ஆயுதம், ஆபரணம் எல்லாம் சரித்திர வாத்தியார் பொறுப்பு. பதினொரு வருஷமாகச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். யாருக்காவது அது வேண்டியிருப்பது இதுவே முதல் தடவை.

9 அக்டோபர்

ராணி, பூவாத்தாள். எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒரே பெண் என்பதால் போட்டி இல்லை. இருந்தாலும் அவள்தான். வசனம் முழுவதையும் மத்தியானத்துக்குள் ஒப்பித்துவிட்டாள். என் வசனத்தில் ஓரிடத்தில் வருஷம் தப்பாக இருந்ததையும் காட்டினாள்.

ஜூனில் அவள் அப்பா பொங்கியண்ணனைப் பார்க்க அவர் தோட்டத்துக்கு மூன்று நடை நடந்தேன். மூன்றாவது நடையில்தான் வாக்குக் கிடைத்தது. "மொறை மாப்பிள்ளை ஊட்டுல அவசரப்படறாங்க சார். உங்க மொகத்துக்காவ, பரிச்சை எழுதட்டுமுங்க. வாத்தியார் டிரெயினிங்கும் போவட்டுமுங்க. கண்ணாலம் அப்பறம் பாத்துக்கலாமுங்க."

இந்தப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பெண் இதுவரை கிடையாது. மார்ச்சில் ஒருத்தி எழுதுவாள். பதினொரு வருஷம் இங்கே என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் கைகாட்ட அவள் ஒருத்தி. வேறு எதுவும் இல்லை. தேடிப் பார்த்தாயிற்று.

14 அக்டோபர்

வாள்கள் தயார். பனைமட்டை, மேலே சிகரெட் பெட்டி ஈயத்தாள். சேனாதிபதி ஒத்திகையில் தன் வாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சேரர் வீழ்ச்சிக்குப் பாடப்புத்தகம் சொல்லும் காரணங்களைவிட இது நம்பும்படியாக இருக்கிறது.

19 அக்டோபர், சனி

கோயமுத்தூர் நாடக சாமான் கடையிலிருந்து ராணி உடுப்பு வந்தது. ரோஜா நிற வெல்வெட், கழுத்துவரை ஜிகினா. பூவாத்தாள் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். பொங்கியண்ணன் பார்க்க வந்திருந்தார். "ஏனுங் சார், இது எம் புள்ளைதானுங்களா?" என்று சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சேரநாட்டில் வெல்வெட் ஏது?

24 அக்டோபர்

லைப்ரரியில் அட்டை போன ஒரு பயண நூலில் ஆதாரம் அகப்பட்டது. அக்காலத்து ராஜகுலப் பெண்கள் சாயமேற்றாத வெள்ளைப் பருத்திதான் உடுத்தினார்களாம். கமிட்டியில் வைத்தேன். ஹெட்மாஸ்டருக்குச் சந்தோஷம், மலையாளி, அவர்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் வெள்ளைதான். சூசையப்பனும், "எங்க மாதா கோயில்ல புதுநன்மை வாங்குற புள்ளைகளுக்கு வெள்ளைதான் சார், வானத்துலேர்ந்து வந்த சம்மனசு மாதிரி இருக்கும்" என்றார். ஹெட்மாஸ்டர் தன் வீட்டு ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டைத் தருகிறேன் என்றார். கசவு பிற்காலத்துச் சரக்கு என்று மறுத்தேன். கண்ணாடி வளையலும் பிற்காலமே. கரையில்லாத வெள்ளை, வெறுங்கை. வெல்வெட் பஸ்ஸில் திரும்பிப் போயிற்று.

ஞானத்திடம் சொன்னேன். என் சம்சாரம் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி, சமையலறையிலிருந்தே கேட்டாள். "ஏன்னா, கொழந்தைக்குக் கரைகூட இல்லாத வெள்ளையா? அவாத்திலே ஒரு வார்த்தை கேட்டேளா?"

"சரித்திரம் யாரையும் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை" என்றேன். நல்ல வாக்கியம். எழுதி வைக்கிறேன்.

1 நவம்பர், வெள்ளி

காலையில் சேலையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் நின்றாள். "வேற நெறமே இல்லீங்களா சார்?" பெண்பிள்ளை, கலருக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். ஆதாரத்தை எடுத்துச் சொன்னேன். பக்க எண் உள்பட. "நீங்க சொன்னாச் சரிங்க சார்" என்றாள். வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள்.

மாரியம்மன் கோயில் முக்கில் வண்டி திரும்பியது. பெண்கள் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். சிரிப்பு நின்றது. சரித்திரத்தின் கம்பீரம் என்று நினைத்தேன் — நினைத்தேனே! முட்டாள். மடையன்.

பொங்கியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம் புள்ளைக்கு எவஞ் செத்துப்போனான்னு வெள்ளை கட்டியுட்டீங்க சார்?"

பொங்கியண்ணன் ஜனங்களின் வீடுகளில் கரையில்லாத வெள்ளையும் வெறுங்கையும் தாலியறுத்தவளுக்கு மட்டும். வடகரப்பதியில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாக அந்தப் பெண்களைத் தினம் வழியில் பார்க்கிறேனே. தெரியும். தெரிந்ததை மறக்கப் புத்தகம் படித்திருக்கிறேன். கூட்டத்தில் அந்த முறை மாப்பிள்ளையின் தாயாரும் நின்றிருக்கிறாள். தன் பிள்ளை உயிரோடிருக்கையில் அவனுக்கென்று சொல்லிவைத்த பெண் வெள்ளையில் வண்டியேறி வருகிறாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம்.

2 நவம்பர்

ஞானம் வழக்கம்போலக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கே கேட்டேனே என்று சொல்லியிருக்கலாம்.

4 நவம்பர்

பூவாத்தாள் வரவில்லை. தோட்டத்துக்குப் போனேன். பொங்கியண்ணன் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க வேணும்னு செய்யலீங்க சார். அது எனக்குத் தெரியுமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு யாரு சொல்றதுங்க? கட்டறதுன்னா இந்தக் கார்த்திகையிலயே கட்டி தோஷத்தைக் கழிச்சுப்போடோணும், இல்லீன்னா ஒறவே அத்துப்போச்சுங்கறாங்க. இவ அம்மா மாப்பிள்ளையோட அப்பனுக்குக் கூடப்பொறந்தவ. அத்துக்க முடியுங்களா?"

நான் போய் அவர்கள் காலில் விழுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க சார். உங்களைக் கண்டாக் கல்லெடுப்பாங்க."

பரீட்சையாவது எழுதட்டுமே என்றேன். அவர் எழுந்துபோய்க் கட்டுத்தறி மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை பள்ளிக்கூடத்து அட்லாஸை நீட்டியது. பழுப்புக் காகிதத்தில் புதிதாக அட்டை போட்டிருந்தாள்.

11 நவம்பர்

கல்வி இலாகா மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம். 'உடைகள் சரித்திரப் பிழையின்றி அமைந்திருந்தன.' ஹெட்மாஸ்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார். எங்கே மாட்டலாம் என்று என்னைக் கேட்கிறார். சூசையப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆணி இல்லை சார் என்று சொல்லிவிட்டார்.

21 நவம்பர், வியாழன்

கல்யாணம். ஞானம் மட்டும் போய்வந்தாள். "சார் வல்லீங்களான்னு கேட்டுது அந்தக் கொழந்தை. ஜலதோஷம்னு சொன்னேன்." எனக்கு ஜலதோஷம் இல்லை. எதுவும் இல்லை. எதற்காக இதை எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

9 டிசம்பர்

எட்டாம் வகுப்புப் பரீட்சை விண்ணப்பங்கள் தபாலில் போயின. இருபத்தொரு பேர். எல்லாரும் பையன்கள்.