மஞ்சளாப் பூத்த செம்பருத்தி

என் செல்லக் குட்டிக்கு அப்பா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு வழக்கமா பேச்சுக்குக் கேப்பேன், இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன். போன்ல பேசலாம்னா உங்கம்மா பாதியில பிடுங்கிடறா, அதான் காகிதம் எடுத்தேன். மாடித் தோட்டம் ஜோரா இருக்கு, கத்தரி காய்க்குது, பாகல் கொடி பக்கத்து வீட்டு ஆன்டெனா மேல ஏறி, டிவி தெரியலேன்னு அவங்க சண்டைக்கு வந்து, நாலு பாகக்காய் கொடுத்ததுல சமாதானம் ஆச்சு. காலையில தண்ணி ஊத்தறப்ப மண்ணு வாசனை வரும் பாரு, லேத் பட்டறையில இரும்புத்தூளையே மோந்த மூக்குக்கு அது போதும்.

போன ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைப் பெரிய பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அடேயப்பா, வட்ட வட்டமா பூப்பாத்தி, வாடின இலைன்னு ஒண்ணு கிடையாது. நீங்களும்தான் வளக்கறீங்களேன்னு உங்கம்மா இடிச்சா, எனக்கு ரோஷம் வந்துடுச்சு. என்னதான் உரம் போடறாங்கன்னு குனிஞ்சு மண்ணைக் கிளறினா, விரல்ல பிளாஸ்டிக் விளிம்பு தட்டுது. எல்லாம் தொட்டி! கழுத்து வரைக்கும் புதைச்சு மேல மண்ணைத் தூவியிருக்காங்க. வாடினதைத் தூக்கிட்டு வேற வச்சிடுவோம், பாக்கறவங்க சந்தோஷமா போகணுமில்லன்னு தோட்டக்காரர் சொன்னார். உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சுருக்குன்னுச்சு.

ஏன்னா, திட்டாதே, நீ கிளம்பறப்ப நட்டுட்டுப் போனியே சிவப்புச் செம்பருத்தி, அது ரெண்டாம் மாசமே மாவுப்பூச்சி வந்து செத்துடுச்சு. அத்தனை தூரத்துல தனியா இருக்கற புள்ளகிட்ட இதை வேற சொல்லணுமான்னு, அதே உயரத்துல ஒண்ணு வாங்கி அதே தொட்டியில வச்சிட்டேன். வீடியோவுல பாத்து, என் செடி எப்படி வளந்துடுச்சுன்னு நீ குதிச்சியே, அது இந்தச் செடிதான். சிவப்புதான்னு நர்சரிக்காரர் அடிச்சுச் சொன்னார். முந்தாநாள் முதல் பூ விட்டுச்சு, பளிச்சுன்னு மஞ்சள்! உங்கம்மா பூவைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. வசமா மாட்டிக்கிட்டேன்.

இப்ப உன் கதைக்கு வரேன். முன்னெல்லாம் வேலை நேரத்துல கூப்பிட்டா நீ எடுக்கவே மாட்டே. ரெண்டு மாசமா எப்பக் கூப்பிட்டாலும் முதல் மணியிலயே எடுக்கறே, பின்னாடி அதே சுவர், சூப்பரா இருக்கேம்ப்பான்னு அதே சிரிப்பு. வேலை போயிடுச்சாம்மா? போனா போகட்டும். நீ கைக்குழந்தையா இருந்தப்ப எங்க பட்டறையை மூடிட்டாங்க. வேற இடம் கிடைக்கற வரைக்கும் மூணு மாசம், டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி கிளம்பி, இதே பூங்கா பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். செடி மேல ஆசை வந்ததே அங்கதான். உங்கம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்தது இருக்கே, வேலை போனதை விட அதுதான் என்னைத் தின்னுச்சு. இதை எழுதி முடிச்சதும் அவகிட்ட சொல்லப் போறேன், ரெண்டு நாள் பேச மாட்டா, பரவாயில்லை.

நீ நல்லா இருக்கணும், வேலை இருந்தாலும் இல்லாட்டியும் நல்லா இருக்கணும். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோட விடாதே. அழுகை வந்தா அழுதுக்கிட்டே கூப்பிடு கண்ணு. இனிமே முதல் மணியிலயே நான் எடுக்கறேன்.

இப்படிக்கு,
செத்த செடியை மறைச்ச உன் அப்பா