மாப்பிள்ளை போட்ட சாட்சி

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். அருப்புக்கோட்டையில் இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. கரண்ட் போனால் இப்போதும் யாராவது பழக்கதோஷத்தில் லைன்மேனைத் தேடி நம் வாசலுக்கு வந்து, நீங்கள் இல்லை என்பது ஞாபகம் வந்து திரும்பிப் போகிறார்கள்.

வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரிட்டையரான பணத்தில் நீங்கள் கட்டிய இந்த வீடு எனக்கு, திருச்சுழிப் பக்கம் இருக்கும் கரிசல்காடு தம்பி தேவராஜுக்கு என்று உயில் எழுதினீர்கள். அம்மா போன பிறகு உங்களோடு இருந்தது நானும் உங்கள் மாப்பிள்ளையும்தானே. நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் உயிலைக் கோர்ட்டில் காட்டி உத்தரவு வாங்க வேண்டும் என்றார்கள். வக்கீலிடம் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சாட்சி யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். உயிலை மூடி வைத்துவிட்டுச் சட்டத்தைச் சொன்னார்.

கிறிஸ்தவர் உயிலில், சொத்து பெறுகிறவரோ அவருடைய புருஷனோ பெண்டாட்டியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது செல்லாதாம். மற்றதெல்லாம் செல்லுமாம். ஆகக் காடு முழுக்கத் தம்பிக்கு. வீடு மட்டும் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. பத்திரம் எழுதியவருக்கும் இது தெரியவில்லை. இந்துக்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அவர் காலமெல்லாம் எழுதிக் கொடுத்தது அவர்களுக்குத்தான்.

எனக்கு முதலில் யார்மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? உங்கள்மேல். சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற மனுஷர், இதை மட்டும் பார்க்காமலா விட்டிருப்பார்? மகனுக்கும் பாதி போகட்டும் என்று தெரிந்தே விட்டீர்களோ? அடுத்தது தேவராஜ்மேல். தாலுகா ஆபீஸில் நாள் முழுக்கப் பத்திரமும் பட்டாவும் பார்க்கிறவனுக்கா தெரியாது? அவன் பெண்டாட்டி நம் வீட்டுக்கு வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தாலே, எந்த அறை தனக்கு என்று பார்க்கிறாளோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

உயில் எழுதிய அன்று தேவராஜ் சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான், சர்ச் செகரட்டரியும் பள்ளிக்கூட வாட்ச்மேனும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, சாட்சி வெளியாளா இருக்கட்டும். மச்சான் போட வேணாம்னு ஆபீஸுல பெரியவரு ஒருத்தரு சொன்னாரு" என்றான். ஏன் என்று கேட்டேன். அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சந்தேகப்பட எனக்கு அது போதாதா? இவன் கூட்டி வந்த ஆட்கள் நாளைக்கு இவன் பக்கம்தானே பேசுவார்கள், நம் ஆள் ஒருவராவது அந்தப் பேப்பரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

நேரே உங்களிடம் வந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் சாட்சி போட்டால் அவருக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். மரியாதை என்றதும் நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள். வாட்ச்மேனிடம் நீட்டிய பேனாவை வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தீர்கள். அவர் பாவம், இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிற முகத்தோடு போட்டார். வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன்.

போன மாதம் தேவராஜ் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். வீட்டில் தன் பாதியை எனக்கே விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். அப்பா நினைத்ததுதான் நடக்க வேண்டும் என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதற்குள் என்ன வைத்திருக்கிறானோ என்று இரண்டு வக்கீல்களிடம் கொண்டு போய்க் காட்டினேன். ஒருவர் எரிச்சலாகி, அவர் கொடுக்கத்தானே செய்கிறார், பிறகென்ன என்றார். அப்படியும் பதிவு ஆபீஸில் அவன் கையெழுத்துப் போட்டு, கைநாட்டு வைத்த மையைத் துடைக்கும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னான்: "அன்னைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்க்கா. உன் மொகத்தப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு. தப்பு என் மேலதான்."

இல்லையடா என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை, அப்பா. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டானா? வீடு இப்போது முழுசாக என் பேரில் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவராஜ் வீட்டுக்குத் திருச்சுழி பஸ் ஏறுகிறேன். அவன் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்வேன்: மச்சானைச் சாட்சி போடச் சொன்னது மரியாதைக்காக இல்லை, உன்னை நம்பாததால். சாக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன். அவன் என்ன சொன்னாலும் இருந்து கேட்டுவிட்டுத்தான் வருவேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மகள்,
தேவராஜின் அக்கா,
கிரேஸ்