நீ தூங்கியிருந்தால் நானும்

ருசாப்பே, 12 மே 2013

நெட்சாயின் அம்மாவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம். ஜோஹானஸ்பர்கில் நம் மகளும் இரட்டைப் பேத்திகளும் உன்னைக் கொஞ்சம் உட்கார விடுகிறார்களா? பிரசவம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். நீ போய் இரண்டாவது வருஷச் சோள அறுப்பும் வந்துவிட்டது. குறை சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

கோயில் பாட்டுக் குழுவுக்கு இப்போது போவதில்லை. கோழிகளைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே ஆளுக்கு எதற்கு சட்ஸாக் களி கிண்டுவது? டீயோடு சரி.

கிளினிக்கில் வயதானவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நர்ஸ் மேவிஸ் என்னையும் கேட்டாள். ஒன்றுமில்லையாம்.

இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாபோத்

ஜோஹானஸ்பர்க், 27 மே

நெட்சாயின் அப்பாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நானும் நலம். கோழிகளைக் கொடுத்துவிட்டீர்களா? என் கோழிகளை, என்னைக் கேட்காமல்! கோபத்தில் கடிதத்தை மடித்துத் தூர வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். நம் கல்யாணத்தன்றுகூடப் பாட்டை நிறுத்தாத மனிதர் பாடுவதில்லை, சாப்பிடுவதில்லை. இவருக்கா ஒன்றுமில்லை?

மேவிஸ் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? அப்படியே எழுதுங்கள். போனில் கேட்டால் "எல்லாம் சரி" என்று வைத்துவிடுவீர்கள்.

எஸ்னாத்

ருசாப்பே, 9 ஜூன்

நெட்சாயின் அம்மாவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம். "அப்பா, நல்லா தூங்கினீங்களா?" என்றாள் மேவிஸ். "நீ தூங்கியிருந்தா நானும் தூங்கினேம்மா" என்றேன். "பொழுது நல்லாப் போகுதா?" என்றாள். "உனக்குப் போச்சுன்னா எனக்கும் போச்சு" என்றேன். நம் ஊரில் வணக்கத்துக்கு வேறென்ன பதில் சொல்வது? காலையில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்கும்போது அவளிடம் போய்ப் புலம்புவதா?

நாபோத்

ஜோஹானஸ்பர்க், 20 ஜூன்

நெட்சாயின் அப்பாவுக்கு,

அட என் மனுஷா! அவள் வணக்கம் சொல்லவில்லை, வைத்தியம் பார்த்தாள். அவளும் நம் ஊர்ப் பெண்தானே, பழக்கத்தில் தலையாட்டிவிட்டாள். மறுபடி போங்கள். வணக்கத்தையெல்லாம் முதலில் சொல்லி முடியுங்கள். பிறகு, "இப்ப நிஜமாக் கேளும்மா" என்று சொல்லுங்கள். என்னிடம் சொல்வதாக நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

எஸ்னாத்

ருசாப்பே, 8 ஜூலை

எஸ்னாத்,

போனேன். "தூக்கமே இல்லம்மா. விடியாமலே இருந்துட்டா தேவலைன்னு தோணுது" என்றேன். மேவிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அவள் முன்னால் அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. "இது வயசில்லப்பா, நோய். மருந்து இருக்கு. வாரா வாரம் வந்து எங்கிட்டப் பேசணும். தனியா மட்டும் இருக்காதீங்க" என்றாள். தம்பி இப்போது என்னோடு வந்து படுத்துக்கொள்கிறான். அவன் குறட்டை உனக்குத் தெரியும்.

நீ நலமாக இருந்தாலும் நான் நலமில்லை. வா என்று இதுவரை நான் எழுதியதில்லை. வா.

நாபோத்

ஜோஹானஸ்பர்க், 17 ஜூலை

நெட்சாயின் அப்பாவுக்கு,

நானும் இங்கே நலமில்லை. உங்கள் மனம் வருந்துமே என்று இத்தனை நாளும் நலமென்று எழுதினேன். பேத்திகளைப் பார்த்துக்கொள்ள நெட்சாய் ஒரு ஆளைப் பிடித்துவிட்டாள்.

இதை டிரைவரிடம் கொடுக்கப் போவதில்லை. அதே பஸ்ஸில் நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பேன். படித்து முடித்ததும் சட்டையை மாட்டுங்கள். உங்கள் தம்பி வீட்டுக்குப் போகவேண்டும். என் கோழிகள் எனக்கு வேண்டும்.

எஸ்னாத்