மாகாளிக் கொடியின் லேபிள்

திருப்பதி, செவ்வாய்க்கிழமை.

மாகாளிக்கிழங்குக் கொடியின் பேரினமான டெக்காலெபிஸை எருக்கின் குடும்பத்திலிருந்து அரளியின் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல்லூரியில் உலர்த்தி ஒட்டிவைத்த செடிகளில் இப்படி மாற்றம் வந்தால், பழைய லேபிளைத் தொடாமல் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவதுதான் முறை. துறைத்தலைவன் சேஷாத்ரி பழைய லேபிளையே கிழித்துவிட்டான். ஏர்பேடு பக்கத்துக் காட்டில், முள் கிழிக்க, நான் வெட்டி எடுத்த கொடி அது. புது லேபிளில் 'சேகரித்தவர்: சேஷாத்ரி'.

போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்குப்பா கத்திக்கினு கீற? செடிதான் முக்கியம், பேரா முக்கியம்?" என்று சிரித்தான்.

"அப்ப உன் பேரை இன்னாத்துக்குடா எழுதின?"

"யார் பேராவது இருக்கணுமில்ல."

எனக்கும் டீ வரவழைத்தான். குடித்துவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.