மச்சானின் காலில் இல்லாத முள்

மச்சான், உன் மனைவி இன்று காலை ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். உள்ளே பஞ்சில் சுற்றிய கெளுத்தி மீன் முள். அப்போதிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பி வாசல்வரை நொண்டுகிறேன், திரும்பி வந்து மறுபடி எழுதுகிறேன்.

எனக்கும் பாதத்தின் மேல்பக்கம் வலி பிடித்து நாலு மாதமாகிறது. உனக்கு இருந்த அதே இடம், அதே புடைப்பு. காலையில் பாதம் பலகைபோல் கிடக்கும். நாலு எட்டு வைத்தால் இளகும். மத்தியானம் வலையோடு கரையேறும்போது மறுபடி குத்தும். இதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் வந்தாள்.

"அண்ண, இது நீங்க அவர்ர கால்ல இருந்து எடுத்த முள்ளு. உங்கட காலுக்கையும் இப்பிடித்தான் ஒண்டு கிடக்கும். ஆரையும் புடிச்சி எடுப்பியுங்க."

அந்த முள் உன் காலிலிருந்து வந்ததில்லை மச்சான்.

நான் முள் எடுத்த அன்றைக்கு உன் பாதத்தின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு. "கெளுத்தி குத்தி முறிஞ்சி உள்ளுக்குப் போயிட்டுடா" என்றாய். நானும் நம்பினேன். வாவிச் சேற்றில் வெறுங்காலோடு வலை வீசித் திரிகிற நமக்கு வேறென்ன நினைப்பு வரும்? மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாய். அதற்குள் நான் ஊசியைச் சுட்டுக் கிண்டத் தொடங்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. நீ போட்ட சத்தத்தில் மண்டூர்க் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின.

"கத்தாதடா, புள்ளப் பெறுறவளும் இப்பிடிக் கத்தமாட்டாள்!"

உன்னைச் சிரிக்கவைக்கத்தான் வலையில் கிடந்த கெளுத்தியின் முள்ளை ஒடித்து, உன் இரத்தத்தில் தோய்த்துக் காட்டினேன். "இந்தா, ஆம்புளப் புள்ள!"

நீ அதைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாய்; உண்மையை நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். மறுநாள் நீ, "வலி அரைவாசி போயிட்டுடா" என்று வந்து நின்றாய். ஆஸ்பத்திரிப் பேச்சே இல்லை. சந்தியில் நின்று என்னைப் பெரிய பரிகாரி, கைராசி வைத்தியன் என்று புகழ்ந்தாய். ஊரையெல்லாம் பகிடி பண்ணிச் சிரிக்கும் இந்த வாய் அன்றைக்கு உண்மையைச் சொல்லத் திறக்கவில்லை.

அதே காலை இழுத்துக்கொண்டு இரண்டு வருடம் வாவியில் இறங்கினாய். வலி திரும்ப வந்தபோதும், "முள்ளுத்தான் போயிட்டே, புண் ஆறட்டும்" என்றாய். கடைசி மூன்று வருடம் கதிரையில் உட்கார்ந்தபடி கிழிந்த வலை பொத்தினாய். பிறகு நெஞ்சுவலி வந்து கண்ணை மூடிவிட்டாய். என் ஊசியை யாரும் குறை சொல்லவில்லை.

போன கிழமை நான் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பிள்ளை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பாதத்தின் நடு மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறதாம். அந்த இடத்தில் எலும்பே மேலால் வளர்ந்துதான் புடைப்பாக நிற்கிறதாம். முன்னம் அடிபட்ட காலிலும் இப்படி வருமாம். அந்தப் புடைப்பு வருவதற்கு முந்தி ஒருநாள் தோணிக்கும் கல்லுக்கும் நடுவில் உன் கால் நசிந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எண்ணெய் போட்டு உருவிவிட்டு, மூன்றாம் நாளே உன்னை நான்தான் வாவிக்குக் கூப்பிட்டேன்.

"தேஞ்சது திரும்பி வளராது ஐயா. ஆனா வலியக் குறைச்சு நடக்க வைக்கலாம்" என்றாள். அடி வளையாத சப்பாத்து, உள்ளே பாதத்தைத் தாங்கும் மெத்தை, வலி கூடும் நாளில் பூசுமருந்து, கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி. கேட்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் சத்திரசிகிச்சை. "சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது, நாள் முழுக்கத் தண்ணிக்க நிக்கவும் கூடாது. வயிறும் கொஞ்சம் குறையோணும்."

"காலக் காட்ட வந்தவன்ர வயித்த ஏன் பாக்கிறீங்க மகள்?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என் புதுச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இதப் போட்டிருந்தா அவரும் நடந்திருப்பாரா அண்ண?"

ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"நடந்திருக்கலாம் தங்கச்சி."

நீ என்றால் வலையால் அடித்திருப்பாய், பிறகு நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவள் ஏசக்கூட இல்லை. ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"அவர் சாகுமட்டும் உங்களத்தான் நம்பினவர்" என்றாள். நான் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், வாசல் படலையைச் சாத்தாமல் போய்விட்டாள்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் மச்சான், கதிரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.