நான்கு சில்லுகள் குறைந்த கார்டு

நாள் 3 – 07:20
நிலாவின் சுற்றுப்பாதையில் சேர்ந்தாயிற்று. கலத்தின் பெயர் நாகமலை. ஆள் நான் ஒருவன்தான்: அர்த்தநாரி, திருச்செங்கோடு. சரக்கு, தென் துருவப் பனிச் சுரங்கத்துக்கு முந்நூறு துளையிடும் பிட்டுகள். மூச்சுக்காற்று இன்னும் முப்பத்து நான்கு மணி நேரம். இறக்கம் நாளை 16:40. தள்ளிப்போட வழியில்லை.

நாள் 3 – 09:00
இந்தக் கலத்தை இறக்கப்போவது பதினொரு வயதான கேமிங் கம்ப்யூட்டர். சிரிக்க வேண்டாம். தரையிறக்க நிரலும் விளையாட்டும் செய்வது ஒரே வேலைதான். தரையை நொடிக்கு அறுபது தடவை வரைய வேண்டும். மூடிப்போன ஒரு கேமிங் சென்டரில் இதை எடுத்தேன். மதர்போர்டை மாற்றினால் ராம் மாற வேண்டும், ராம் மாறினால் மற்றதெல்லாம் மாற வேண்டும், புதிதே வாங்கிவிடலாம். அதனால் போர்டைத் தொடவில்லை. அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய பிராசசரைப் பழைய சந்தையில் பிடித்தேன், பயாஸை ஏற்றினேன், சூடு கடத்தும் பேஸ்ட் தடவினேன், ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காய்ச்சிப் பார்த்தேன். தங்கம்.

கிராபிக்ஸ் கார்டு குழந்தைவேல் கொடுத்தது. என் மனைவியின் தம்பி, பழைய கம்ப்யூட்டர்களை மேம்படுத்தி விற்கும் எங்கள் கடையில் சரிபாதி பங்கு. அவன் கொடுத்ததை நான் கழற்றிச் சோதிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தொழிலில் கூட்டாளி கட்டிக்கொடுத்த சரக்கைப் பிரித்துச் சோதிப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். திரையில் கார்டின் பெயர் வந்தது. பதினாறு ஜிபி என்று காட்டியது. போதும் என்று மூடிவிட்டேன்.

நாள் 3 – 14:30
இறக்க ஒத்திகை. நான்காவது நிமிடம் திரை பச்சையாகி நின்றது. மறுபடி ஓட்டினேன். அதே நான்காவது நிமிடம். சூடு சரி. பவர் சப்ளை சரி. பிராசசர் பாதி வேலைகூடச் செய்யாமல் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

நாள் 3 – 15:50
கார்டின் விசிறியைக் கழற்றினேன். மெமரி சில்லுகளுக்கு எட்டு இடம். இருப்பது நான்கு. மற்ற நான்கும் வெறும் ஈயப் புள்ளிகள்.

இது ஒன்பது வருடத்துப் பழைய கார்டு. உள்ளே நிரலை மாற்றிப் பெரிய கார்டின் பெயரை எழுதியிருக்கிறார்கள். கேட்டால் பதினாறு என்று சொல்லும். நான்கு ஜிபிக்கு மேல் ஏற்றினால் செத்துவிடும். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் தொழிலின் முதல் இரண்டு வருடம் இதே வேலையை நானும் குழந்தைவேலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தோம். பிறகு விட்டோம். நான் விட்டேன்.

நாள் 3 – 16:35
பூமித் தொடர்பு கிடைத்தது. குழந்தைவேலிடம் கேட்டேன்.

"மச்சா, ஒத்திகையிலயே நின்னு போச்சுங்களா? ஒயரு கியரு லூசா இருக்கும், பாருங்க."

"மாப்ள, விசிறியக் கழட்டி வெச்சுட்டுப் பேசறேன். நாலு சில்லுதான் இருக்குது."

பதில் வர மூன்று நொடி.

"நல்ல கார்டெல்லாம் வேற பக்கம் வித்துப்போட்டேனுங்க. நீங்க ஊரான் சரக்க ஆணி ஆணியாக் கழட்டிப் பாக்கற ஆளு. இதையும் பாப்பீங்க, திட்டுவீங்க, மாத்திக் குடுத்தரலாம்னு இருந்தேன். நீங்க பாக்காமயே வண்டி ஏறிட்டீங்க."

"அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்பிடிங்க சொல்லறது? அக்கா பக்கத்துல நின்னு ஆரத்தி சுத்திட்டிருந்துச்சு."

தொடர்பை நானே அணைத்தேன்.

நாள் 4 – 06:10
தூக்கம் இல்லை. எல்லா அமைப்பையும் குறைத்தேன். தெளிவு பாதி. தூரக்காட்சி இல்லை. நிழல் இல்லை. இப்போது நான்கு ஜிபிக்குள் அடங்குகிறது, ஒத்திகை கடைசிவரை ஓடுகிறது. ஆனால் அந்த நிரல் பாறையைக் கண்டுபிடிப்பதே நிழலை வைத்துத்தான். நிழல் இல்லையென்றால் ஆள் உயரப் பாறையும் அதற்குச் சமதரை.

நாள் 4 – 09:40
தென் துருவத் தளத்தில் இறக்கங்களைப் பார்த்துக்கொள்வது பிளெஸ்ஸி. நாகர்கோவில் பெண். நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்குப் போயா பயப்படுதீங்க அண்ணே? எங்க தரை வழிகாட்டி மெஷின் இருக்குல்லா. ராடாரும் கேமராவும் வச்சு உங்களப் பஞ்சு மாதிரி எறக்கிரும். அதே நேரம் ஷட்டிலும் வருது, முப்பத்தொரு ஆளு. ரெண்டையும் சேத்தே எறக்கிருவேன்."

உயிர் திரும்பியது. காபிப் பொடியைக் கரைத்துக் குடித்தேன். பாதி குடித்தபோது நினைவு வந்தது. அந்த மெஷினைப் போன வருடம் மேம்படுத்திக் கொடுத்தது எங்கள் கடைதான். பழைய மெஷின், புது பிராசசர், கார்டு. பெட்டியைக் கட்டியவன் குழந்தைவேல். "நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

நாள் 4 – 10:20
நல்லவன் வேடம் போட விருப்பமில்லை. இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒரு கலத்தை மட்டும் பார்த்தால் அந்த மெஷின் தாங்கும். ஷட்டிலுக்கு முன்னால் நான் தரை தொட்டுவிட்டால்? கணக்குப் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடம் இரண்டும் ஒன்றாக வரும். அந்தப் பத்து நிமிடத்தில் திரை பச்சையாகும்.

பிளெஸ்ஸியிடம் கார்டைக் கழற்றி எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

நாள் 4 – 11:30
"அண்ணே, எட்டு எடம் இருக்கு. நாலுதான் ஒட்டியிருக்கு."

"ஷட்டில நிறுத்த முடியுமாம்மா?"

"முடியாதுண்ணே. அவங்க எரிபொருளும் கணக்கா வச்சிருக்கு. மெஷினு ஒண்ணத்தான் தாங்கும்னா..." பிறகு மெதுவாக, "நீங்க வித்த சாமான்தான இது?"

"ஆமா. நான் வித்ததுதான். ஷட்டிலுக்கே குடு. என்ன விட்டுரு."

"அண்ணே..."

"பேச்ச வளத்தாத. கார்ட மறுபடி மாட்டு. பேஸ்ட் தடவாம மாட்டிறாத."

நாள் 4 – 13:05
குழந்தைவேல் தானே அழைத்தான்.

"மச்சா, தளத்துல ஏதாச்சும் சொல்லிப்போட்டீங்களா? சொல்லிப்போடாதீங்க. பதினாலு தளத்துக்கு அந்தச் சரக்கு போயிருக்குதுங்க. பேரு போனா கடையே போச்சு. நீங்க எறங்கி வாங்க, பொறவு உக்காந்து பேசிக்கலாம்."

பதினான்கு. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

"சொல்லிட்டேன் மாப்ள. மீதிப் பதிமூணுக்கும் தளத்துல இருக்கற பிள்ளையே சொல்லும்."

தொடர்பு அந்தப் பக்கத்திலிருந்து அறுந்தது. அவனைக் கடை வாசலில் பெருக்கவிட்டுத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். சாலிடரிங் இரும்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். என்னிடம் கற்ற கையால் எனக்கே கட்டியிருக்கிறான். வேலை சுத்தம், அதையும் சொல்ல வேண்டும். ஓர் ஈயப் பிசிறு இல்லை.

நாள் 4 – 16:14
இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்டேன். பிளெஸ்ஸி குரல் சரியில்லை.

"அண்ணே, இத வாசிக்கணுமா வேண்டாமான்னு தெரியல. உங்க கம்பெனிலருந்து எல்லாத் தளத்துக்கும் வந்திருக்கு."

"வாசி."

"'எங்கள் பங்குதாரர் அமரர் அர்த்தநாரி அவர்கள், நிறுவனத்துக்குத் தெரியாமல் கார்டுகளை மாற்றி விற்றது இப்போதுதான் தெரியவந்துள்ளது. தரையிறங்கும்போது விபத்தில் அவர் மறைந்த இந்தத் துயர வேளையில்...'"

"எத்தன மணிக்கு அனுப்பியிருக்கான்?"

"மூணே முக்கால்."

கடிகாரத்தைப் பார்த்தேன். செத்து அரை மணி நேரம் ஆகிறது எனக்கு.

"அடியில யாரு கையெழுத்து?"

"ரெண்டு பேரு. குழந்தைவேல். அப்புறம்... பூங்கொடி."

பூங்கொடி என் மனைவி.

"அண்ணே, இருக்கீங்களா?"

இருக்கிறேன்.

நாள் 4 – 16:41
கை விசையில் இருக்கிறது. வாயால் சொல்லிப் பதிகிறேன். ஷட்டில் தளத்தின் பிடியில் போகிறது, நேராகப் போகிறது. நல்லது. பிளெஸ்ஸி இந்தப் பக்கம் திரும்பக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உயரம் தொள்ளாயிரம் மீட்டர். கார்டு தாங்குகிறது.

நாள் 4 – 16:46
அறுநூறு. இதை எடுப்பவர் முதலில் நேரத்தைப் பாருங்கள். மூணே முக்காலுக்குப் பிறகு நான் பேசியிருக்கிறேன். அதை மட்டும் எல்லாத் தளத்துக்கும்

முந்நூறு. தூசி இல்லை. திரையில் தரை துடைத்து வைத்தது போல் இருக்கிறது. ஒரு கல் இல்லை. எங்கே பார்த்தாலும் வழவழப்பு, இப்படி ஒரு தரை எங்கும் கிடையாது, இவ்வளவு அழகாக

எண்பது

இடது பக்கம் ஏதோ