சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் மென்பொருள்தான் நலமில்லை. "பஞ்சர் ஒட்டுறவருக்கே புரிஞ்சா உலகத்துக்கே புரியும்பா" என்று சொல்லி அனுப்பினாய். நானும் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதுகில் கருவி கட்டிய நாரை கடல் தாண்டுவதைத் திரையில் புள்ளியாகப் பார்க்கலாம் என்றாய். அது ஒரு குளத்தருகே நின்றது நின்றபடியே இருந்தது. செத்துவிட்டதென்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உன் அம்மா வந்து கீழே இருந்த முக்கோணத்தை அழுத்தினாள், பறந்துவிட்டது. "ஓட விட்டாத்தானேங்க ஓடும்" என்றாள். அந்த முக்கோணத்தை எறும்பு பார்ப்பதற்காகவா வரைந்தீர்கள்?

பின்னால் தெரிகிற வரைபடம் வேறு கண்ணைக் குத்தியது. அணைத்துவிட்டேன். இப்போது வெள்ளைத் திரையில் புள்ளி மட்டும் ஊர்கிறது. நிம்மதி.

நீயும் மாப்பிள்ளையும் எப்போது வருகிறீர்கள்? கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறாய். உன் அடுத்த மாதம் ஓடுவதற்கு எந்த முக்கோணத்தை அழுத்த வேண்டும்?

இப்படிக்கு,
உன் மக்கு மாணவன், அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முக்கோணத்தைப் பெரிதாக்கிவிட்டோம். உங்கள் வசவை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்ததும் திருத்த உட்கார்ந்தார்கள்.

நாரைக் கோப்பு உங்கள் கணினிக்குக் கனம். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சின்னச் சோதனைக் கோப்பு ஒன்றை அனுப்புகிறேன். இரண்டே புள்ளிகள். ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவர் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம். அடுத்த மாதம் பார்க்கலாம்.

அன்புடன்,
மகள்

ஜூன் 15

அன்பு மகளுக்கு,

ஓடுகிறது. ஆனால் இது என்ன விலங்கு என்று நீ சொல்லவில்லையே. எனக்குப் பொறுமை போய்விட்டது.

சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. காலையில் ஆளுக்கொரு பக்கம் போகின்றன, பொழுது சாய்ந்தால் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. நல்ல ஜோடி என்று நினைத்தேன். பாதியில் நீலம் திரையின் மறுகோடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. சிவப்பு பழைய இடத்துக்கே தனியாகத் திரும்பித் திரும்பி வருகிறது. ஒரு நாள் நீலம் இருக்கிற இடம் வரைக்கும் போய், சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்தில் போகாமலே திரும்பிவிட்டது. அதன் பிறகு திரையில் ஞாயிறு என்று வருகிற நாளில் அசைவதே இல்லை.

அந்த நீலத்தைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க அதன் கூட்டத்தில் ஆளில்லையா? சிவப்பும் லேசுப்பட்டதில்லை. இவ்வளவு ஆனபிறகும் பெற்றவர்களிடம் போய்ச் சொல்லாமல் அதே இடத்தில் கிடக்கிறதே, சரியான முட்டாள் ஜென்மம்.

இன்னொரு குறை. நடுவில் தகவல் விட்டுப்போனால் உன் மென்பொருள் பாட்டுக்கு ஒரு நேர்கோடு இழுத்துச் சேர்த்துவிடுகிறது. எங்கே நின்றது, எங்கே தடுமாறியது, ஒன்றும் தெரிவதில்லை. பார்க்கிறவன் எல்லாம் சுகமாக நடந்ததாக நினைத்துக்கொள்வான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கண் வலியோடு, அப்பா

ஜூன் 17

அப்பா,

அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். தவறிப்போய் அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

மகள்

ஜூன் 18

அன்பு மகளுக்கு,

அழிக்க எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். நீ காட்ட வேண்டாம் என்றது நினைவுக்கு வருவதற்குள் அவள் வந்து நின்று, நான் அணைத்து வைத்திருந்த வரைபடத்தை ஏற்றிவிட்டாள். புள்ளிகளுக்குக் கீழே தெருக்கள் வந்தன. அவள் ஒரு தெருமுனையில் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள்: "புள்ள வீட்டுக்குப் போயிருந்தப்ப இந்தத் திருப்பத்துலதாங்க எனக்குச் செருப்பு அறுந்துச்சு. தன் செருப்பைக் கழட்டிக் கொடுத்துட்டு வெறுங்காலோட வீடு வரைக்கும் வந்தா."

உன் கைபேசியையும் மாப்பிள்ளை கைபேசியையும் வைத்துச் சோதிப்பதாக ஒரு தடவை நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. நீலம் போன பிறகும் அதை அணைக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை போலிருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. இனி மாப்பிள்ளையையும் கேட்க மாட்டேன்.

முட்டாள் ஜென்மம் என்று எழுதியதை மட்டும் அடித்துவிடு. வரைபடத்தை அணைத்துவிட்டுப் படம் பார்த்தவனுக்குத்தான் அது பொருந்தும்.

கடைசியாக ஒரு குறை. அந்தப் படத்தை எவ்வளவு தள்ளிப் பார்த்தும் நம் வீட்டுப் பக்கம் சிவப்புப் புள்ளியே இல்லை. உன் அம்மா காலையிலிருந்து உன் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். புறப்பட்டு வா. நடுவில் என்ன ஆனது என்று கேட்க மாட்டோம். நேர்கோடே போதும்.

அப்பா